லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு உண்மையில் என்ன வயது?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். அறுபதாயிரம் என்றால் முகம் மலரும். ஒன்றரை லட்சம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். லட்சத்தைத் தாண்டினால் வண்டி முடிந்தது என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் இருந்தது. 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். அதற்குள் இன்ஜினை ஒரு தடவையாவது இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை பார்க்க வேண்டியிருந்ததும் உண்மைதான். அன்றைக்கு அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அதே ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் போய் இன்னோவா ஓட்டுநர்களிடம் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று எளிதாகச் சொல்வார்கள். அன்று இரவே அந்த வண்டி ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்கோ சபரிமலைக்கோ கிளம்பும். வீட்டு வாசலில் நிற்கும் கார் எண்பதாயிரத்திலேயே இன்ஜின் வேலைக்கு வருகிறது, ஓயாமல் ஓடும் கார் நாலு லட்சம் தாண்டுகிறது என்றால், நாம் பார்க்கிற எண்ணில் ஏதோ விடுபடுகிறது என்றுதானே அர்த்தம்? விடுபடுவது என்ன, வண்டி நீண்ட நாள் உழைக்க அடிப்படையில் எவை வேண்டும் என்று, கார் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் எல்லை எதுவரை என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-இல் ஒரு வால்வோ பி1800எஸ் வாங்கினார். 2013-இல் அதே கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். ஒரே உரிமையாளர் ஓட்டியதில் உலக சாதனை. இன்ஜினை முதன்முதலாகப் பிரித்து வேலை பார்த்ததே சுமார் 11 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகுதான். கிரேக்க நாட்டில் தெசலோனிகி நகரத்து டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ், 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி 46 லட்சம் கிலோமீட்டர் வரை கொண்டுபோனார். 2004-இல் மெர்சிடிஸ் நிறுவனமே அதைப் பெற்றுக்கொண்டு தன் அருங்காட்சியகத்தில் வைத்தது. அவர் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஓட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்டன் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 47 ஆண்டில் 48 லட்சம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். வேலைக்குப் போய்வரவே தினமும் 200 கிலோமீட்டர், அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலை. நம்மில் பலர், "பாவம், இவ்வளவு ஓட்டியும் வண்டி தாங்கியிருக்கிறதே" என்று வியப்போம். அவ்வளவு ஓட்டியதுதான் தாங்கியதற்கு ஒரு காரணம்.

மணிக்கணக்கு

பழைய டிராக்டர் வாங்கப் போகும் விவசாயி கிலோமீட்டரை விசாரிப்பதில்லை. "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்றுதான் கேட்பார். டிராக்டர், ஜே.சி.பி., ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர்தான் இருக்கும். ஆயில் மாற்றுவதும் பெரும்பாலும் 250 மணிக்கு ஒருமுறை என்ற கணக்கில்தான். நின்ற இடத்திலேயே உழைக்கிற இயந்திரத்துக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கைக் காருக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஒரு லட்சம் கி.மீ. ஓடினால் இன்ஜின் 5,000 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓடும் டாக்ஸி 5,000 மணியில் மூன்று லட்சம் கி.மீ. போய்விடும். இரண்டு இன்ஜினும் ஓடிய நேரம் ஒன்றே. மீட்டரில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். போதாததற்கு நகரத்துக் காரின் கிளட்ச்சும் பிரேக்கும் கியரும் அந்த ஒரு லட்சத்தில் பட்ட பாடு, டாக்ஸி மூன்று லட்சத்தில் பட்டதைவிட அதிகமாகவே இருக்கும்.

ஆயில் மாற்றும் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலைக் காரில் அந்த ஆயில் உழைத்தது 170 மணிக்குள். நகரத்துக் காரில் 500 மணி. டிராக்டர்காரர் 250 மணியில் மாற்றுவதை நாம் 500 மணி வரை இழுக்கிறோம், "சரியாகப் பத்தாயிரத்தில் மாற்றிவிட்டேன்" என்ற நிம்மதியோடு. நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு ஐயாயிரம், மிஞ்சினால் ஏழாயிரத்தில் ஆயில் மாற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வண்டியோடு வரும் கையேட்டிலும் "கடுமையான ஓட்டம்" என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். தூசி, வெயில், நெரிசல், அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நம் ஊர் நகர ஓட்டம் முழுக்க அதற்குள் அடங்கும்.

குளிர்ந்த இன்ஜின்

மணிக்கணக்கும்கூடப் பாதிக் கதைதான். எந்த நிலையில் ஓடிய மணி என்பதும் உண்டு.

ஓடும் இன்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் நேராக உரசுவதில்லை. நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கும். இன்ஜினின் தண்டு சுழலச் சுழல அந்தப் படலம் உருவாகி, தண்டு அமர்ந்து சுழலும் பேரிங்கைத் தொடவிடாமல் அதைத் தாங்கிப் பிடிக்கும். வண்டியை அணைத்துவிட்டு இரவெல்லாம் நிறுத்தினால் ஆயில் மெல்ல வடிந்து அடித்தொட்டிக்குப் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் ஆயிலை மேலே ஏற்றும்வரை, அந்தச் சில நொடிகள், பாதுகாப்பு குறைவு. நம் ஊரில் பனியா பெய்கிறது என்று கேட்கலாம். பனி வேண்டியதில்லை. 30 டிகிரி இன்ஜின்கூட, 90 டிகிரியில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்ட இயந்திரத்துக்குக் குளிர்ந்த இன்ஜின்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. காலையில் முன்னே நிற்கும் காரின் சைலன்சரில் நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். அந்த ஆவியில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் ஆயிலும் சூடாகி இவை ஆவியாகப் பிரிந்துவிடும். மூன்று கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிட்டால் பிரியாது. நாளுக்கு நாள் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்து, அமிலமாகி, கடைசியில் கறுப்புக் களிம்பாக உள்ளே படியும்.

பள்ளிக்கூடம், கடை, வீடு என்று தினமும் ஆறு முறை ஸ்டார்ட் செய்து மொத்தம் பத்து கி.மீ. ஓடும் கார், மீட்டரில் வயது ஏறாமலே உள்ளுக்குள் கிழடாகிறது. "லேடி டிரைவன், டாக்டர் கார், ரொம்பக் கம்மியா ஓடினது" என்று விளம்பரம் செய்யப்படும் வண்டிகளில் பல இந்த வகைதான். குறைந்த கிலோமீட்டர் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இதற்காகக் காலையில் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜினைச் சுடவைக்கத் தேவையில்லை. ஐட்லிங்கில் சூடேற இன்னும் நேரமாகும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக, அதிகம் முறுக்காமல் ஓட்டினால் போதும். குறுகிய வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடியுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி, முக்கால் மணி நல்ல சாலையில் ஓட்டுங்கள். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) உள்ள இன்ஜின் என்றால், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். அனலாய்க் கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் அங்கேயே கருகிவிடும்.

ஆயிலும் தண்ணீரும்

இன்ஜின் செத்த கதைகளைப் பட்டறையில் கேட்டால் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றாக முடியும்: ஆயில் இல்லாமல் ஓடியது, அல்லது சூடேறியும் நிறுத்தாமல் ஓடியது.

ஆயிலில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. பிராண்டு, விலை எல்லாம் அப்புறம். வயதான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அது குற்றமில்லை. குடிப்பது தெரியாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. மாதம் ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முன் கட்டாயமாக, சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கீழே போனால் அதே தர ஆயிலை ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் "சீக்கிரம் கவனி" என்று பொருளில்லை, "இந்த நொடியே அணை" என்று பொருள்.

தரம் என்பது 5டபிள்யூ-30 மாதிரி டப்பாவில் எழுதியிருக்கும் எண். முன்னால் இருப்பது குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு. "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய அம்பாசடருக்கு அது சரி. இன்றைய இன்ஜினின் மெல்லிய ஆயில் வழிகளுக்கும் டைமிங் செயினுக்கும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) ஏற்றதில்லை. போலி ஆயிலும் போலி ஃபில்டரும் சந்தையில் தாராளமாகக் கிடைப்பதால் அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில்தான் நம் ஊர் வண்டிகள் வீணாய்ப் போகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் அளவு குறைந்தால் கையில் கிடைத்த பாட்டில் தண்ணீரையோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது உங்கள் வீட்டு வாளியில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைச் சுற்றிய நீர்வழிகளிலும் படியும். வெறும் தண்ணீரில் துருத்தடுப்பு மருந்தும் கிடையாது. அலுமினிய ஹெட் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும், வாட்டர் பம்ப் சீல் போகும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மே மாத மதியத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டு மலை ஏறும்போதுதான் விளைவு தெரியும். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்து, ஹெட் வளைந்து, செலவு பல்லாயிரத்தில் நிற்கும். எல்லாம் சில நூறு ரூபாய்க் கூலன்ட்டை மிச்சம் பிடித்ததால் வந்தது.

கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் துருத்தடுப்பு மருந்துகளும் கலந்த திரவம். கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் வாங்கினால் குழப்பமில்லை. அடர்த்தியானதை வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கலக்குங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறங்கள் இருக்கும். நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்காமல், கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் மாதிரி வேலை செய்கிறது: உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, திரவம் கொதிக்கும் வெப்பநிலையை 100 டிகிரிக்கு மேலே தள்ளுகிறது. அதனால்தான் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அந்த மூடியின் ரப்பர் பழசானாலும் வண்டி சூடேறும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான், மாற்றிவிடுங்கள்.

புதிய சிறிய கார்கள் பலவற்றில் வெப்பத்தைக் காட்டும் முள்ளே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும். அது எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஊர் வந்துடும்" என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் இன்ஜின் போகிறது.

டைமிங் பெல்ட் பற்றிச் சுருக்கமாக. சில இன்ஜின்களில், காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வுகளை இயக்குவது ரப்பர் பெல்ட், சிலவற்றில் இரும்புச் செயின். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி எல்லாம் வளைந்துவிடும். முதல் தலைமுறை இன்னோவா டீசலில் பெல்ட்தான். மாற்ற வேண்டிய நேரம் வந்தால் டாஷ்போர்டில் தனி விளக்கே எரியும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதை இன்றைக்கே கையேட்டில் பாருங்கள். பழைய வண்டி வாங்கி, முந்தையவர் மாற்றினாரா என்று தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

எந்த வண்டி தாங்கும்?

பராமரிப்பு எல்லாவற்றையும் காப்பாற்றாது. பிறவியிலேயே உறுதியான வண்டிகள் உண்டு. இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் டொயோட்டா குவாலிஸும் அதன்பின் வந்த இன்னோவாவும். 2000-இல் வந்த குவாலிஸில் 2.4 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன்தான். 2005-இல் அதற்குப் பதிலாக வந்த இன்னோவாவில் 2.5 லிட்டர், 102 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு 41. இன்றைய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் சிலவற்றில் 120 வரை எடுக்கிறார்கள். பெரிய இன்ஜினிலிருந்து குறைவாகக் கறந்தால் உள்ளே வெப்பமும் அழுத்தமும் குறையும், ஒவ்வொரு பாகத்துக்கும் தாங்கும் இடம் மிஞ்சும். இதற்காகச் சின்ன டர்போ இன்ஜின் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆயில் மாற்றத் தவறினால் பெரிய சோம்பேறி இன்ஜின் மன்னிக்கும், சின்னது மன்னிக்காது.

குவாலிஸும் இன்னோவாவும் லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்டவை. கெட்ட சாலையையும் பாரத்தையும் அந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் நோய் என்ன, மருந்து என்ன என்று தெரியும். உதிரிபாகம் மறுநாளே வந்துவிடும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் அவ்வளவு காலம் நின்றதற்கும் அந்தப் பரவலான பழக்கம் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் பழைய பிரிட்டிஷ் கார்களான ஆஸ்டின் ஏ40-யும் மொரிஸ் மைனரும் பல பத்தாண்டுகள் ஓடியது இதன் உச்சம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதுப் பாகம் வராத ஊரில் லேத்துப் பட்டறையில் கடைந்து போட்டார்கள். அந்தக் கார்கள் நுட்பத்தில் உயர்ந்தவை அல்ல. ஒருவர் கையால் பிரித்து, புரிந்து, மறுபடி மாட்டக்கூடியவை. அது பெரிய பலம்.

எனவே புதிதாக வண்டி தேர்ந்தெடுப்பவருக்கு என் யோசனை: விமர்சன வீடியோக்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் டாக்ஸி ஓட்டுநர்கள் எதை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். சொந்தப் பணத்தில் வாங்கி, ஒரு நாள் நின்றாலும் வருமானம் போகிற மனிதர்களின் தேர்வைவிட நேர்மையான ஆய்வு கிடையாது. அப்புறம், புத்தம்புது மாடலை முதல் வருடத்திலேயே வாங்காதீர்கள். ஒன்றிரண்டு ஆண்டு போகட்டும், பிறவிக் கோளாறுகள் வெளியே வந்து சரியாகட்டும்.

டீசல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தபிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்பால் சில வண்டிகளில் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் அளவு உயரவும் செய்யும். தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் புது டீசல் கார் வேண்டாம்.

இரு சக்கர வண்டிக்கும் இதே அடிப்படைதான், ஒரு வித்தியாசத்தோடு. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். 100 சி.சி. பைக்கில் அது ஒரு லிட்டர் அளவுதான். கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய இழப்பு. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஜாசோ எம்.ஏ. என்று போட்ட பைக் ஆயில்தான் வேண்டும்.

பழுதா, தேய்மானமா?

புதியவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்றேகால் லட்சத்தில் கிளட்ச் போகும், ஷாக் அப்சார்பர் தளரும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் எல்லாம் ஆடும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கைவிடும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வந்தால், "வண்டி செலவு வைக்க ஆரம்பிச்சிடுச்சு, தள்ளிவிடலாம்" என்று தோன்றும். இவை தேய்வதற்கென்றே இருக்கும் பாகங்கள். மாற்றியதும் அந்த இடத்தில் வண்டி மறுபடி புதிது. நாற்பதாயிரம் செலவு வந்தது என்று விற்றுவிட்டு, மாதம் பதினைந்தாயிரம் தவணையில் புதுக் கார் எடுத்தால் மூன்று மாதத்திலேயே அதைவிட அதிகம் கட்டியிருப்பீர்கள், இன்னும் நாலேமுக்கால் வருடத் தவணை பாக்கி நிற்கும். செலவுகளை ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், தொகை என்று எழுதிவாருங்கள். இரண்டு வருடத்தில் அது உங்கள் மெக்கானிக்கைவிட நன்றாக வண்டியைப் பற்றிச் சொல்லும். விற்கும்போது நல்ல விலைக்கும் அதுவே சாட்சி.

கைமாறிய வண்டி வாங்கும்போது அந்த மாதிரி சாட்சியைத்தான் நீங்களும் தேட வேண்டும். மீட்டரைத் திருப்புவது டிஜிட்டல் காலத்தில் இன்னும் எளிது. எழுபதாயிரம் என்று காட்டும் காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங் மினுமினுத்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் அது தயாரான காலத்தைச் சொல்லும் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2018 மாடலில் "முப்பதாயிரம்தான் ஓடியது" என்கிறார்கள், ஆனால் டயர் நான்கும் 2021-இல் செய்தது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகள் இருக்கும். வாங்குமுன் விற்பவரை அழைத்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியில் வயரிங் இணைப்புகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், கால்மிதிக் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உங்கள் வண்டியே மூழ்கினால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சரி, எப்போது விட வேண்டும்? தனியார் காருக்கு 15 ஆண்டு பதிவு முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம், பசுமை வரியும் கட்ட வேண்டும். டீசலுக்குப் பத்தாண்டு என்ற விதி டெல்லி வட்டாரத்துக்கானது. பாதுகாப்பையும் யோசியுங்கள். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநருக்கான ஏர்பேகும் இங்கே கட்டாயமானது 2019-இல்தான். முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் வந்தது 2022 தொடக்கத்திலிருந்து. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர், ஏ.பி.எஸ்.ஸும் ஏர்பேகும் இல்லாத காரை, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பயணங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த உடலை மாற்ற முடியாது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இது சீக்கிரமே வரும். தனிச் சட்டம் இல்லாத சாதாரணக் கார்களில் உடல்தான் சட்டம், விபத்தில் நம்மைக் காப்பதும் அதுதான். வருடம் ஒருமுறை வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது கூடவே நின்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலோட்டமான துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து நிறுத்தலாம். ஜாக் வைக்கும் இடத்திலோ சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலோ திருப்புளியால் அழுத்தும்போது தகடு பொத்துக்கொண்டு உள்ளே போனால், மேற்கொண்டு செலவு செய்யாமல் அந்த வண்டியை உடைப்புக்குக் கொடுத்து, ஆர்.சி.யையும் ரத்து செய்துவிடுங்கள்.